ஆட்ட நாள் விருந்துக்கு நாச்சோஸ்: கடைசித் துண்டு வரை மொறுமொறுப்பாக

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை நண்பர்களும் உறவினர்களும் ஒரே வீட்டில் கூடிப் பார்க்கும் நாளில், குறிப்பாகப் பிப்ரவரி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் அன்று, வருகிறவர்களின் கை முதலில் நீள்வது சோளச் சிப்ஸின்மேல் சீஸ் உருகி வழியும் நாச்சோஸ் தட்டை நோக்கித்தான். அந்தத் தட்டைப் பெரும்பாலும் ஒரே குவியலாகக் கட்டி எழுப்பிவிடுகிறார்கள். பார்வைக்கு அது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் மேற்பரப்பில் உள்ள சீஸும் கறியும் முதல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட, அடியில் எதுவும் படாத வெறும் சிப்ஸும், தக்காளிச் சாற்றிலும் கறிக்கொழுப்பிலும் ஊறி நமத்துப்போன துண்டுகளும் மிஞ்சுகின்றன. பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைப்பது அவைதான்.

நாச்சோஸைக் கெடுப்பவை இரண்டு: ஒன்று ஈரம், மற்றொன்று நேரம். ஈரமான பொருள் எதுவும் ஓவனுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதும், ஒரே பெரிய தட்டுக்குப் பதிலாக மெல்லிய தட்டுகள் சிலவற்றை ஆட்டத்தின் போக்கை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதும்தான் கூட்டத்துக்கு நாச்சோஸ் செய்வதன் முழு நுட்பம் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் அளவுகளும் முறைகளும் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை.

இந்த உணவின் பிறப்பே இதற்குச் சான்று தருகிறது. 1940களின் தொடக்கத்தில், டெக்சாஸ் எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரமான பியேத்ராஸ் நேக்ராஸில், இக்னாசியோ அனாயா என்பவர் எல்லை தாண்டி உண்ண வந்த அமெரிக்கப் பெண்களுக்காக, கைவசம் இருந்ததைக் கொண்டு அவசரமாக ஒரு தட்டு தயாரித்தார். டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியின் வறுத்த துண்டுகள், ஒவ்வொன்றின்மேலும் சிறிது சீஸ், அதன்மேல் ஊறுகாயாகப் போட்ட ஹாலப்பீனோ மிளகாயின் ஒரு வில்லை, அவ்வளவுதான். அவருடைய தட்டில் குவியல் கிடையாது. ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முழுமையானது. பின்னர் 1976இல் டெக்சாஸின் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் ஃபிராங்க் லிபர்ட்டோ இதை விற்கத் தொடங்கியபோது, வரிசையில் நிற்பவரைக் காக்க வைக்காமல், கேட்ட கணத்தில் சிப்ஸின்மேல் சூடான சீஸ் குழம்பை ஊற்றிக் கொடுக்கும் முறை வந்தது. விளையாட்டோடு நாச்சோஸ் ஒட்டிக்கொண்டது அப்போதிருந்துதான். ஒவ்வொரு துண்டுக்கும் பங்கு வேண்டும் என்பதை அனாயாவின் தட்டிலிருந்தும், உண்ணும் கணத்தில்தான் ஈரம் சேர வேண்டும் என்பதை அரங்கத்து விற்பனையிலிருந்தும் எடுத்துக்கொண்டால் போதும்.

பன்னிரண்டு பேருக்கான கணக்கு

மேசையில் வேறு சில பண்டங்களும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பேருக்கு மூன்று தட்டுகள் போதும். தட்டு என்று இங்கே சொல்வது 18 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உள்ள, குட்டையான விளிம்பு கொண்ட அலுமினியப் பேக்கிங் தட்டை. ஒரு தட்டுக்கு 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் சிப்ஸ் தேவை. சீஸின் எடை சிப்ஸின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கூட்டம் பெருகினாலும் குறைந்தாலும் கணக்கு தவறாது. ஆக, மூன்று தட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சிப்ஸ், ஒரு கிலோ சீஸ். இரண்டு தட்டுகள் கறியோடும் ஒன்று கறியில்லாமலும் இருக்குமானால், ஒன்றரை பவுண்டு, அதாவது சுமார் 680 கிராம் மாட்டுக் கொத்துக்கறி, 15 அவுன்ஸ் டின்னில் வரும் கறுப்பு பீன்ஸ் இரண்டு, கெட்டியான தக்காளி ஆறு, நடுத்தர வெங்காயம் இரண்டு, அவகாடோ நான்கு, ஹாலப்பீனோ எட்டு, எலுமிச்சம்பழம் ஆறு, ஒரு கட்டு கொத்தமல்லித்தழை, 8 அவுன்ஸ் சோர் கிரீம் என்னும் புளித்த பாலாடை ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சிப்ஸ்

விலை குறைவு என்பதற்காக மெல்லிய சிப்ஸை வாங்கக் கூடாது. சீஸின் பாரத்தைத் தாங்கித் தூக்கும்போது உடையாத அளவுக்குத் தடித்த, சற்றே கரடுமுரடான மேற்பரப்புடைய சோள டோர்ட்டியா சிப்ஸ்தான் இதற்கு ஏற்றது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அரைத்துச் செய்யும் மாவிலிருந்து வருவதால் இந்தச் சிப்ஸுக்கு அந்தத் தனி மணம் உண்டு. கோதுமை டோர்ட்டியாவில் அந்த மணமும் கிடைக்காது, இந்த உறுதியும் கிடைக்காது. பையைத் திறந்ததும் உடைந்த துகள்களைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். தட்டில் அவை போனால் சீஸை வீணாக உறிஞ்சுமே தவிர, யாராலும் விரலால் எடுத்து உண்ண முடியாது.

நேரமும் விருப்பமும் உள்ளவர்கள் வீட்டிலேயே வறுக்கலாம். அதன் சுவை கடைச் சிப்ஸுக்கு எட்டாதது. சோள டோர்ட்டியாக்களை ஒவ்வொன்றும் ஆறு முக்கோணங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஒரு மணி நேரமாவது காற்றாட விட வேண்டும். ஈரம் போன டோர்ட்டியா எண்ணெய் அதிகம் குடிக்காது. பிறகு 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள எண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டு, சலசலப்பு அடங்கி, நிறம் இளம் பொன்னாகும் வரை இரண்டு நிமிடம் போல வறுத்து, எண்ணெய் வடிந்ததும் சூட்டோடு உப்புத் தூவுங்கள்.

கடையில் வாங்கியதானாலும் வீட்டில் வறுத்ததானாலும், சீஸ் தூவுவதற்கு முன் வெறும் சிப்ஸைத் தட்டில் பரப்பி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வைத்தெடுப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. பையிலிருந்தபோது ஏறிய ஈரம் இதில் போய்விடுகிறது. சூடான சிப்ஸின்மேல் விழும் சீஸ் கீழிருந்தும் உருகத் தொடங்குவதால், ஓவனில் இருக்க வேண்டிய நேரமும் குறைகிறது.

சீஸ்

இந்த உணவின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் சீஸில்தான் இருக்கிறது. நன்கு முதிர்ந்த செடார் சீஸில் சுவை கூர்மையாக இருக்கும். ஆனால் நாளாக நாளாக அதன் ஈரம் குறைந்து, கொழுப்பைப் பிடித்து வைத்திருக்கும் புரத வலையும் சிதைந்துவிடுவதால், சூடு பட்டதும் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்து நிற்கும். முதிராத மான்ட்டரே ஜாக் சீஸ் இதற்கு நேர் எதிர்: வழவழப்பாக உருகிப் பரவும், ஆனால் சுவை மென்மையானது. இரண்டையும் கலப்பதே வழி. மூன்றில் இரண்டு பங்கு மான்ட்டரே ஜாக்கும் ஒரு பங்கு செடாரும் கலந்தால், உருகும் தன்மையும் சுவையும் ஒருங்கே அமைகின்றன. கிடைத்தால் ஜாக்கில் பாதிக்கு ஒவஹாக்கா சீஸைச் சேர்க்கலாம். நூலாக இழுபடுவதில் அதற்கு இணை இல்லை. கோத்திஹா சீஸ் உருகாது. ஆகவே அதை ஓவனுக்குள் வைக்காமல், பரிமாறும்போது உப்புக்குப் பதிலாக மேலே உதிர்த்துவிடலாம்.

சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது அவசியம். துருவியபடியே பையில் விற்கப்படும் சீஸில், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க உருளைக்கிழங்கு மாவுச்சத்தோ தாவர நார்ப்பொடியோ தூவப்பட்டிருக்கும். அதுவே உருகும்போது இழைகள் ஒன்றுசேர விடாமல் தடுத்து, மணல்போன்ற ஒரு நறநறப்பைத் தருகிறது. ஒரு கிலோ சீஸைத் துருவ அதிக நேரம் பிடிப்பதில்லை. முதல் நாள் இரவே துருவி, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

துருவிய சீஸ் மட்டும் போதுமா, சீஸ் குழம்பும் வேண்டுமா என்பது நாச்சோஸ் பிரியர்களிடையே ஓயாத விவாதம். என் தெரிவு இரண்டும் வேண்டும் என்பதே, ஆனால் வெவ்வேறு வேலைக்கு. ஓவனில் உருகும் துருவல் சிப்ஸையும் கறியையும் பிணைத்து நிறுத்துகிறது. ஆனால் தட்டு வெளியே வந்து பத்து நிமிடமானால் அது இறுகத் தொடங்கும். குழம்போ, அதில் உள்ள மாவுச்சத்து கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்திருப்பதால், ஆறினாலும் வெகு நேரம் இளகியே இருக்கும். ஆகவே குழம்பை ஒரு கிண்ணத்தில் சூடாக வைத்திருந்து, தட்டு மேசைக்கு வரும்போது சிறிதளவு கோடாக ஊற்றிவிட்டு, மீதியைத் தொட்டுக்கொள்ள விட்டுவிடலாம்.

குழம்பு செய்வது எளிது. 8 அவுன்ஸ், அதாவது 225 கிராம் செடார் துருவலில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச்சைப் பிசறி, கனமான பாத்திரத்தில் இட்டு, 12 அவுன்ஸ் டின் எவாப்பரேட்டட் பால் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்) முழுவதையும் ஊற்றி, மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் சீஸ் கரைந்து, குமிழியிட்டுக் கெட்டியாகும். பொடியாக நறுக்கிய ஹாலப்பீனோ ஒன்றைச் சேர்த்து, உப்புப் பார்த்து இறக்குங்கள். சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு பாலின் டின்னும் கடையில் இதே அலமாரியில் இருக்கும் என்பதால், வாங்கும்போது பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடுவது நல்லது. ஸ்லோ குக்கர் இருந்தால், சூடாக மட்டும் வைத்திருக்கும் நிலையில் குழம்பை அதில் ஊற்றி, எப்போதாவது ஒரு கரண்டி பால் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தால், ஆட்டத்தின் பெரும்பகுதிக்கும் அது தாங்கும்.

கறியும் பீன்ஸும்

ஓவனுக்குள் போகும் எதுவும் உதிரியாகவும் வறண்டும் இருக்க வேண்டும். இதில் கண்டிப்புக் காட்டினால் மற்றவை தாமே சரியாகிவிடும். கொத்துக்கறிக்கு அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, கறியைப் பரப்பி, உடனே கிளறாமல் அடிப்பக்கம் சிவக்க விடுங்கள். பிறகு உடைத்து உதிர்த்து, நிறம் முழுவதும் மாறி, உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் ஆகும் வரை வேகவைத்து, பிரிந்து நிற்கும் கொழுப்பை வடித்துவிட வேண்டும். ஒரு பவுண்டு கறிக்கு ஒரு மேசைக்கரண்டி சில்லி பவுடர், ஒரு தேக்கரண்டி சீரகப்பொடி, அரைத் தேக்கரண்டி ஓரிகானோ, நசுக்கிய பூண்டு மூன்று பல், ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் வதக்கி, கால் கோப்பை நீர் தெளித்து, அந்த நீர் முற்றிலும் சுண்டும் வரை கிளறுங்கள். வாணலியில் கரண்டியால் கோடு கிழித்தால், அந்தக் கோட்டில் நீர் ஓடி வரக் கூடாது. அதுதான் பதம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கடைகளில் சில்லி பவுடர் என்ற பெயரில் கிடைப்பது வெறும் மிளகாய்த்தூள் அன்று. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு ஆகியவை கலந்த ஒரு மசாலாப் பொடி அது. கலப்பில்லாத மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் விருந்தினர் கண்கலங்கிப் போவார்கள். அதைத்தான் பயன்படுத்துவது என்றால் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, சீரகத்தையும் ஓரிகானோவையும் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கறி உண்ணாதவர்கள் இருந்தால், வெந்த கோழியை விரலால் பிய்த்து அதே மசாலாவில் சுருளப் பிரட்டலாம். கோழிக்கு உள்வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும். முதல் நாள் புகையிட்ட மாட்டு மார்க்கறியோ பன்றிக்கறியோ மிச்சமிருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, ஆனால் அதன் சாறையும் இனிப்புச் சாஸையும் வடித்துவிட்டுத்தான் தட்டில் சேர்க்க வேண்டும்.

பீன்ஸை டின்னிலிருந்து வடித்து, குழாய் நீரில் அலசி, நீர் ஒட்ட வடியவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பூண்டும் சீரகப்பொடியும் சேர்த்து, தோல் லேசாகக் காயும் வரை வதக்குங்கள். கடைசியில் பாதியை மட்டும் கரண்டியால் நசுக்கிவிட்டால், மீதிப் பாதி உருண்டோடாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பீன்ஸ் விழுது டின்னாக விற்பதையும் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றுள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்க்கப்படுவதால், சைவ உணவினர் வருகிற வீட்டில் பொருட்பட்டியலைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சீஸிலும் இதே கவனம் தேவை: சிலவற்றில் பாலைத் திரியவைக்கும் நொதி விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது. கறியில்லாத தட்டுக்குத் தனிக் கரண்டி, தனி இடம் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது, வருகிறவர் மனம் கோணாமல் உண்ண உதவும்.

குளிர்ந்தவை

தக்காளி, வெங்காயம், அவகாடோ, சோர் கிரீம் ஆகிய நான்கும் ஓவனின் வாசலைக் கூட எட்டிப் பார்க்கக் கூடாதவை. சூடு பட்டால் தக்காளி நீர் விடும், சோர் கிரீம் திரியும், அவகாடோ கசக்கும். இவற்றைக் குளிர்ச்சியாகவே வைத்திருந்து கடைசியில் சேர்ப்பதால், ஒரே வாயில் சூடும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும் இன்பமும் உண்டு.

பிக்கோ டி காயோ என்னும் வேகவைக்காத தக்காளிக் கலவைக்கு, தக்காளியைப் பிளந்து, விதையும் கூழும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி, வடிதட்டில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அடியில் சேரும் நீரைப் பார்த்தால், அத்தனையும் சிப்ஸுக்குள் போயிருக்கும் என்பது புரியும். வடிந்த தக்காளியோடு பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு ஹாலப்பீனோ, கொத்தமல்லித்தழை, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு ஆகியவற்றைப் பரிமாறுவதற்குச் சற்று முன் கலக்கலாம்.

ஹாலப்பீனோ ஊறுகாயை முதல் நாளே செய்துவிடலாம். ஆறு மிளகாயை வில்லைகளாக அரிந்து கண்ணாடிப் புட்டியில் இட்டு, முக்கால் கோப்பை வெள்ளை வினிகர், முக்கால் கோப்பை நீர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு, நசுக்கிய பூண்டு ஒரு பல் ஆகியவற்றைக் கொதிக்கவைத்து மேலே ஊற்றி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சிப்ஸும் சீஸும் கறியும் கனமான சுவைகள். அவற்றுக்கு நடுவே இந்தப் புளிப்பும் காரமும் இல்லாவிட்டால் நான்காவது வாய்க்கே திகட்டிவிடும். அனாயாவின் தட்டில் சீஸுக்கு அடுத்து இடம்பெற்றது இதுதான் என்பது தற்செயல் அன்று. தட்டில் வைக்குமுன் வில்லைகளைப் பேப்பர் டவலில் ஒற்றிவிடுங்கள். அப்படிச் செய்தால் இது ஒன்றை மட்டும் ஓவனுக்குள்ளும் அனுப்பலாம்.

அவகாடோவை உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மசித்து, காற்றுப் படாதபடி அதன் மேற்பரப்பிலேயே பிளாஸ்டிக் தாளை ஒட்டி அழுத்தி மூடினால், சில மணி நேரம் கறுக்காமல் இருக்கும். சோர் கிரீமில் சிறிது பாலும் எலுமிச்சைச் சாறும் விட்டு, ஊற்றினால் நூலாக விழும் பதத்துக்குத் தளர்த்தி, பிளாஸ்டிக் பையில் நிரப்பி நுனியை வெட்டிக்கொள்ளுங்கள். கரண்டியால் உருண்டையாக வைத்தால் அது நான்கைந்து துண்டுகளை மட்டும் நனைத்துக் கெடுக்கும். மெல்லிய கோடுகளாக இட்டால் தட்டு முழுவதற்கும் பங்கு கிடைக்கும். லெட்டூஸ் கீரை சேர்ப்பவர்கள் உண்டு. சூட்டில் அது வதங்கி நீர் விடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுக்குவது

தட்டில் பார்ச்மென்ட் தாளை விரித்து, சூடாக்கிய சிப்ஸில் பாதியை, விளிம்புகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு பரப்புங்கள். முதலில் விழ வேண்டியது சீஸ். கறி முதலில் விழுந்தால் அதன் கொழுப்பு சிப்ஸில் இறங்கும். சீஸ் முதலில் விழுந்தால் உருகி, ஈரம் இறங்காமல் காக்கும் ஒரு படலமாகிறது. ஒரு தட்டுக்கான சீஸில் மூன்றில் ஒரு பங்கைத் தூவி, அதன்மேல் கறியிலும் பீன்ஸிலும் பாதியைச் சிதறவிட்டு, எஞ்சிய சிப்ஸைப் பரப்பி, மீண்டும் ஒரு பங்கு சீஸ், மீதிக் கறியும் பீன்ஸும், கடைசிப் பங்கு சீஸ், ஹாலப்பீனோ வில்லைகள் என்று முடிக்க வேண்டும். இரண்டு அடுக்குக்கு மேல் போகவே கூடாது. மூன்றாம் அடுக்கு வந்தால் நடு அடுக்கின் ஆவிக்கு வெளியேற வழியிருக்காது. அந்த ஆவியே சிப்ஸை நமக்க வைத்துவிடும். நான்கு மூலைகளையும் விளிம்புகளையும் மறக்காமல் தூவுங்கள், ஏனெனில் விருந்தினர் கை முதலில் போவது அங்கேதான்.

ஓவன் 400 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 205 டிகிரி செல்சியஸுக்கு முழுவதும் சூடாகியிருக்க வேண்டும். ஓவனின் நடுக் கம்பித்தட்டில் ஏழு முதல் பத்து நிமிடம் போதும். சீஸ் உருகிக் குமிழியிட்டு, ஓரத்துச் சிப்ஸின் நுனி சற்றே நிறம் மாறும்போது எடுத்துவிடுங்கள். மேலிருந்து மட்டும் அனல் தரும் பிராயில் முறையில் வேகமாக முடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் மேலே தெரியும் சிப்ஸ் கருகும்போது கீழ் அடுக்குச் சீஸ் இன்னும் துருவலாகவே கிடக்கும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைப்பதும் தவறே, ஏனெனில் சீஸிலிருந்து எண்ணெய் பிரிந்துவிடும்.

ஆட்டத்தோடு ஒத்துப் போவது

அமெரிக்கக் கால்பந்து பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டது; இடையே கடிகாரம் அடிக்கடி நிற்பதால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். அவ்வளவு நேரத்துக்கு ஒரே தட்டு தாங்காது. சூப்பர் பௌல் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 6.30 அளவில் தொடங்கும். ஆகவே கறி, பீன்ஸ், குழம்பு எல்லாம் 5.30க்குள் தயாராகி, முதல் தட்டு 6.15க்கு மேசையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் தட்டை எப்போது ஓவனில் வைப்பது என்பதை ஆட்டமே சொல்லிவிடுகிறது. இரண்டாம் கால்பகுதியில் இரண்டு நிமிடம் எஞ்சியிருக்கும்போது, அதிகாரிகள் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்த இரண்டு நிமிடம் சுவர்க் கடிகாரத்தில் பெரும்பாலும் பத்து நிமிடமாவது ஆகும். சிப்ஸை அதற்குச் சற்று முன்பே வெறுமையாகச் சூடாக்கி வைத்திருந்து, எச்சரிக்கை வந்ததும் அடுக்கி ஓவனில் தள்ளினால், அரைநேர இடைவேளை தொடங்கும்போது தட்டு வெளியே வரும். வழக்கமான ஆட்டங்களில் இடைவேளை ஏறத்தாழ 13 நிமிடம்தான். சூப்பர் பௌலில் இசை நிகழ்ச்சி இருப்பதால் அதைப்போல் இரு மடங்கு நீளும். முன்கூட்டியே அடுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டாம். சூடான கறிக்கு அடியில் அரை மணி நேரம் கிடந்த சிப்ஸ் ஓவனுக்குள் போகும் முன்பே நமத்திருக்கும். மூன்றாம் தட்டை, எத்தனை பேர் இன்னும் உண்கிறார்கள் என்று பார்த்து, மூன்றாம் கால்பகுதியின் முடிவில் வைக்கலாம், அல்லது பாதி அளவில் செய்யலாம்.

வீட்டில் அல்லாமல் அரங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்டத்துக்கு முன் கூடுகிறவர்கள், மூடியுள்ள கிரில்லில் ஒரு பக்கம் மட்டும் தீ மூட்டி, தீயில்லாத பக்கத்தில் தட்டை வைத்து மூடினால் அதே பலன் கிடைக்கும். கறியையும் பீன்ஸையும் வீட்டிலேயே முடித்து, சூடு தாங்கும் பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும்.

கறி, சீஸ், சோர் கிரீம், அவகாடோ இவை எதையும் சூடோ குளிரோ இல்லாத நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவைக்கக் கூடாது. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் எல்லை. சூடானவை 140 டிகிரிக்கு மேலும், குளிர்ந்தவை 40 டிகிரிக்குக் கீழும் இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டி நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் சிறு கிண்ணங்களை அமர்த்துவது குளிர்ந்தவற்றுக்குப் போதுமான காப்பு.

தட்டு வெளியே வந்ததும் பார்ச்மென்ட் தாளோடு மரப்பலகைக்கு இழுத்து, வடிந்த பிக்கோவைத் தூவி, அவகாடோ மசியலை அங்கங்கே சிறு சிறு கரண்டியாக வைத்து, சோர் கிரீமைக் கோடிட்டு, சீஸ் குழம்பைச் சிறிது ஊற்றி, கொத்தமல்லித்தழை தூவி, எலுமிச்சைத் துண்டுகளைச் சுற்றிலும் வைத்து உடனே மேசைக்குக் கொண்டுபோங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், இரு பக்கமும் ஆட்கள் நிற்கும்படி விட்டால் தட்டு சீராகக் காலியாகும். தட்டையான கரண்டி ஒன்றும், சிறு தட்டுகளும், நிறைய டிஷ்யூ தாளும் அருகில் இருக்கட்டும். காரம் வேண்டாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வெறும் சிப்ஸ் ஒரு கிண்ணமும், ஹாலப்பீனோ சேர்க்காமல் எடுத்து வைத்த சீஸ் குழம்பும் தனியே வைத்துவிடலாம்.

எஞ்சிய நாச்சோஸில் மேலே உள்ள குளிர்ந்தவற்றை வழித்துவிட்டு, 350 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். மைக்ரோவேவில் வைத்தால் தோல்போல் இழுபடும். அடுக்காத சிப்ஸும், முதலில் ஒதுக்கிய துகள்களும், மீதிக் கறியும் இருந்தால், மறுநாள் காலை வெங்காயமும் தக்காளியும் வதக்கி, அடித்த முட்டையை ஊற்றி, முட்டை பாதி இறுகும்போது சிப்ஸையும் கறியையும் சேர்த்துக் கிளறி, மேலே சிறிது சீஸ் தூவி இறக்குங்கள். டெக்சாஸில் மீகாஸ் என்று வழங்கும் இந்தக் காலை உணவுக்கு, சற்றே நமத்த சிப்ஸ் எந்தக் குறையும் செய்வதில்லை.